வாளித் தண்ணீருக்குள் வெட்டிய வாது

முதன்முதலாக நான் அளந்த தேயிலை வாது, அதாவது கிளை, தராசு காட்டிய கணக்கின்படி, தண்ணீரைக் கடத்தும் திறனில் பாதிக்கும் மேற்பட்டதை இழந்துவிட்டிருந்தது. அதை வெட்டியெடுத்த செடியிலோ அதே வாரம் கொழுந்து பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். குழாய்களில் பாதி அடைபட்ட செடி அப்படித் தளிர்க்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், கருவி சொல்கிறதே என்று அந்த எண்ணை இரண்டு வாரம் குறிப்பேட்டில் வைத்துக் காப்பாற்றினேன். பிழை செடியிலும் இல்லை, தராசிலும் இல்லை, என் கத்தியில் இருந்தது என்று விளங்குவதற்கு ஒரு மாசி மாதம் முழுவதும் தேவைப்பட்டது. அந்த மாதத்தில் கற்றுக்கொண்டதை, இதே வேலையில் இறங்க நினைக்கும் மாணவர்களுக்குப் பயன்படும் என்று எண்ணி இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். இப்போது உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். முதுமாணிப் பட்டத்துக்குத் தலைப்புத் தேடியபோது, வறட்சியில் தேயிலை எவ்வாறு சாகிறது என்ற கேள்வி வீட்டு வாசலிலேயே கிடைத்தது. மலையகத்தின் மேற்குச் சரிவுகளில் தை தொடங்கிப் பங்குனி வரை இரவில் பனியும் பகலில் சுள்ளென்ற வெயிலும் இடையிடையே ஈரமே இல்லாத காற்றும் இருக்கும். திம்புளைத் தேயிலைக்கு மணம் ஏறுவது இந்த மாதங்களில்தான். ஊவாவில் அதே வேலையை, மலையைத் தாண்டி இறங்கும் கச்சான் காற்று ஆடி ஆவணியில் செய்கிறது. ஏலத்தில் விலையைக் கூட்டும் அந்த உலர்காற்றுதான் இலையிலிருந்து நீரைப் பறித்து, தண்டுக்குள் நிற்கும் நீரை இழுத்து முறுக்கேற்றுகிறது. சில வாரங்கள் கூடுதலாக நீடித்துவிட்டால் மணத்தோடு செடியும் போய்விடும். 1992ஆம் ஆண்டு வறட்சியில் இலங்கையின் தேயிலை உற்பத்தி முந்தைய ஆண்டின் அளவில் ஏறத்தாழ முக்கால் பங்காகக் குறைந்தது. அப்போது காய்ந்துபோன செடிகளின் இடம் எங்கள் மலையில் நெடுநாள் வழுக்கை விழுந்தாற்போலக் கிடந்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்.

செடிக்குள் தண்ணீர் மேலேறும் விதத்தைப் பாடநூல் சில வரிகளில் முடித்துவிடுகிறது. டப்ளினில் டிக்சனும் ஜோலியும் 1894இல் முன்வைத்த விளக்கமே இன்றுவரை அதற்கு அடிப்படை. இலையில் ஆவியாகும் நீர் தனக்குப் பின்னால் நிற்கும் நீரை இழுக்கிறது. நீர்மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொண்டிருப்பதால் அந்த இழுப்பு தண்டு வழியாக வேர்வரை இறங்குகிறது. ஆகவே காழின், அதாவது நீரைக் கடத்தும் சைலத் திசுவின், நுண்குழாய்களில் நிற்கும் நீர் கீழிருந்து தள்ளப்படுவதில்லை, மேலிருந்து கயிறு போல இழுக்கப்படுகிறது. அதன் அமுக்கம் பூச்சியத்துக்கும் கீழே இருக்கிறது. இதில் உள்ள வினோதம் கிணற்றுக்கு உறிஞ்சு பம்பு வைத்திருப்பவர்களுக்கு உடனே புரியும். கடல்மட்டத்தில் 10 மீற்றருக்குச் சற்று மேல் எந்த உறிஞ்சு பம்பாலும் தண்ணீரைத் தூக்க முடியாது. வளி மெலிந்த தலவாக்கலையில், அதாவது 1,400 மீற்றர் அளவிலான உயரத்தில், 9 மீற்றரைக்கூட எட்ட முடியாது. ஒரு மெகாபஸ்கால் இழுவிசை என்பதோ ஏறத்தாழ 100 மீற்றர் உயர நீர்நிரலின் எடைக்குச் சமம். இடுப்பளவு உயரமே உள்ள தேயிலைச் செடி, வறண்ட நாளின் உச்சிவெயிலில் அந்த அளவு இழுவிசையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

சொற்களைப் பற்றித் தமிழக வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. நீங்கள் அழுத்தம் என்பதை இலங்கைப் பாடநூல்கள் அமுக்கம் என்கின்றன; நாங்கள் நீரழுத்தம் என்பது உங்கள் பாடநூலில் நீரியல் திறன். இரண்டும் கலந்தால் இந்தக் கட்டுரையே தலைகீழாகிவிடும். இழுபட்டு நிற்கும் நீர்நிரல் துண்டாகும் நிகழ்வை 'நீரிழை அறுதல்' என்றும், அறுந்தபின் அந்தக் குழாய் முதலில் நீராவியாலும் பிறகு காற்றாலும் நிரம்பிப் பயனற்று நிற்பதைக் 'காற்றடைப்பு' என்றும் இங்கே குறிக்கிறேன்.

இழை அறுவதற்குத் தேவையான காற்று எங்கிருந்து வருகிறது என்பதை 1983இல் சிம்மர்மான் விளக்கினார். காழ்க்கலன் ஒவ்வொன்றும் முடிவுள்ள குழாய். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் செல்வது பக்கச்சுவரில் உள்ள குழிகளின் வழியாக. அந்தக் குழிகளுக்கு நடுவே மெல்லிய மென்சவ்வு சல்லடைபோல் அமைந்திருக்கிறது. காயத்தாலோ வேறு காரணத்தாலோ ஒரு கலனில் காற்றுப் புகுந்தால், அடுத்த கலனுக்குள் நுழையவிடாமல் அதைத் தடுத்து நிறுத்துவது சல்லடைத் துளைகளில் தங்கி நிற்கும் நீரின் பரப்பிழுவிசை. 0.1 மைக்குரோமீற்றர் விட்டமுள்ள துளை ஏறத்தாழ 2.9 மெகாபஸ்கால் வரை காற்றைத் தடுத்து நிறுத்தும். துளை இருமடங்கு பெரிதானால் தாங்கும் அளவு பாதியாகும். பல்லாயிரம் துளைகளில் மிகப் பெரிய ஒன்றே அந்த இரு கலன்களின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஒரு செடி எந்த இழுவிசையில் எவ்வளவு குழாய்களை இழக்கிறது என்பதை அறிய, ஒரே இனத்து வாதுகள் பலவற்றை வெவ்வேறு அளவுக்குக் காயவிட்டு, ஒவ்வொன்றின் நீரழுத்தத்தையும் அது இழந்த கடத்துதிறனையும் அளந்து வரைபில் குறிக்க வேண்டும். கிடையச்சில் நீரழுத்தமும் நிலைக்குத்து அச்சில் இழப்பின் சதவீதமும் வரும். கிடைக்கும் கோட்டைப் பாதிப்புறு வளையி என்கிறோம். கடத்துதிறன் சரிபாதியாகக் குறையும் இடத்து நீரழுத்தத்துக்குப் பி-50 என்று பெயர். காகிதத்தில் எழுதினால் வேலை அவ்வளவுதான்.

நீரழுத்தத்தை அளப்பதில் எனக்குச் சிக்கல் எதுவும் ஏற்படவில்லை. ஷோலாண்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1965இல் வெளியிட்ட அமுக்க அறையே இன்றும் பயன்படுகிறது. உயர்ந்த மரங்களின் உச்சிக் கொப்புகளை அவர்கள் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி அளந்தார்கள். தேயிலையில் வேலை செய்பவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. இலையை வாதில் இருக்கும்போதே பொலித்தீன் பையிலும் அலுமினியத் தாளிலும் மூடி ஒரு மணி நேரம் விட்டால், ஆவியுயிர்ப்பு நின்று, இலையின் நீரழுத்தமும் தண்டினதும் சமமாகும். பிறகு இலையை வெட்டி, காம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி அறைக்குள் அடைத்து, நைதரசன் வாயுவை மெதுவாக ஏற்ற வேண்டும். வெட்டுமுகத்தில் நீர் பளபளத்துக் கசியும் கணத்தில் மானி காட்டும் அமுக்கமே, எதிர்க்குறியிட்டு எழுதினால், காழில் நிலவிய இழுவிசை. வாயு உருளையைப் பஸ்ஸில் ஏற்ற எந்த நடத்துநரும் சம்மதிக்கமாட்டார் என்பதால் தோட்டத்துக்குக் கையால் பம்பு செய்யும் சிறு வகையைக் கொண்டுசென்றேன். அது இரண்டு மெகாபஸ்கால் வரைதான் போகும், தோள்பட்டைதான் அதற்கு விலை.

கடத்துதிறனை அளக்கும் முறையை 1988இல் ஸ்பெரி, டொனலி, டைரீ ஆகிய மூவரும் ஒழுங்குபடுத்தித் தந்தார்கள். வடிகட்டிக் காற்றகற்றிய நீரில் சிறிதளவு பொட்டாசியம் குளோரைட்டைக் கரைத்து, அதை உயரத்தில் தொங்கவிட்ட போத்தலிலிருந்து குழாய் வழியாகத் தண்டுத் துண்டின் ஒரு முனைக்குக் கொடுக்க வேண்டும். மறுமுனையில் வெளிவரும் நீர் இலத்திரனியல் தராசில் வைத்த பாத்திரத்தில் விழும். நிறை கூடும் வேகத்தைத் துண்டின் நீளத்தால் பெருக்கி, கொடுத்த அமுக்கத்தால் வகுத்தால் கடத்துதிறன். அதன்பின் அதே துண்டுக்குள் 0.1 மெகாபஸ்காலுக்குச் சற்று மேற்பட்ட அமுக்கத்தில் நீரைச் செலுத்திக் குமிழ்களைக் கரைத்து வெளியேற்றிவிட்டு மறுபடியும் அளந்தால், எல்லாக் குழாய்களும் திறந்திருக்கும் நிலையிலான உச்ச அளவு கிடைக்கும். முதல் அளவு உச்ச அளவைவிட எவ்வளவு குறைவோ அவ்வளவே இழப்பு.

இதில் போத்தலின் உயரம் அற்பமான விடயமாகத் தோன்றும். நானும் முதலில் நீர் நன்றாக ஓடட்டும் என்று அதை அலுமாரியின் மேல் வைத்தேன். 40 சென்ரிமீற்றர் உயரம் ஏறத்தாழ 4 கிலோபஸ்கால் அமுக்கத்தைத் தரும். 30 மைக்குரோமீற்றர் அகலக் கலனில் சிக்கிய குமிழைத் தள்ள ஏறத்தாழ 10 கிலோபஸ்கால் தேவை என்பதால், ஒடுங்கிய கலன்களைக் கொண்ட தேயிலைக்கு 4 கிலோபஸ்கால் பாதகமில்லை. அலுமாரியின் உச்சி என் மேசையிலிருந்து ஒரு மீற்றருக்கும் மேல். அங்கிருந்து வந்த நீர், அளக்கவேண்டிய அடைப்பையே தள்ளிக்கொண்டு வெளியேறியிருக்கும். அகன்ற கலன்களைக் கொண்ட கொடிகளுக்கு 40 சென்ரிமீற்றர்கூட அதிகம். குழாயின் கடத்துதிறன் விட்டத்தின் நான்காம் வலுவுக்கு ஏற்ப மாறுவதால், இருமடங்கு அகன்ற கலன் ஒன்று திறந்துகொண்டாலே ஒடுங்கிய கலன்கள் பதினாறின் கணக்கு மாறிவிடும்.

இனி என் கத்திக்கு வருகிறேன். முதல் மாதிரிகளை நான் நண்பகலில் எடுத்தேன், காரணம் அப்போதுதான் பாடசாலை விடுமுறை நாளில் பஸ் கிடைத்தது. முழங்கை நீள வாதுகளைக் கவ்வாத்துக் கத்தியால் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, பெரிய பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, இரண்டு பஸ் மாறி ஆய்வுகூடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வழியில் வாது காய்ந்துவிடக் கூடாது என்பதில்தான் என் கவனம் முழுவதும் இருந்தது. ஆனால் சேதம் முதல் வெட்டிலேயே முடிந்திருந்தது. ஒரு மெகாபஸ்கால் இழுவிசையில் நிற்கும் நீர்நிரலைக் காற்றுவெளியில் வெட்டினால், இழுத்துப் பிடித்த றப்பர் பட்டியை அறுத்தது போல நீர் உள்ளே பின்வாங்கும்; வெட்டுப்பட்ட கலன் ஒவ்வொன்றும் தன் மறுமுனை வரை காற்றை இழுத்துக்கொள்ளும். நான் அளந்த துண்டு, வெட்டுமுகத்திலிருந்து சில விரற்கடை தள்ளி எடுத்தது. வறட்சி செய்த அடைப்பென்று நான் குறித்துவைத்தது பெரும்பாலும் என் வெட்டு செய்த அடைப்பு.

அடுத்த முறை விடியுமுன் போனேன். இரவெல்லாம் இலைவாய்கள் மூடியிருப்பதால் அந்நேரத்தில் இழுவிசை மிகக் குறைவு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கவ்வாத்து வெட்டி ஓய்வுபெற்ற என் பெரியப்பா துணைக்கு வந்தார். வாதை நீளமாக வெட்டி, வெட்டுமுகத்தை உடனே வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அங்கே தண்ணீருக்குள்ளேயே இன்னொரு முறை வெட்டித் தரும்படி கேட்டேன்.

"தம்பி, வெட்டுன வாதுக்குத் தண்ணிக்குள்ள இன்னொரு வெட்டு எதுக்கு?"

"வெளியில வெட்டுன இடத்துல காத்து ஏறியிருக்கும் பெரியப்பா. அத தண்ணிக்குள்ள வச்சுக் கழிச்சிரணும்."

அவர் ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. கத்தி துருப்பிடிக்கும் என்று மட்டும் சொன்னார். ஆனாலும் அவருடைய வெட்டை நான் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, என் கத்தி நசுக்கிய கலன்களுக்கும் அவர் கத்தி திறந்துவைத்த கலன்களுக்கும் இடையிலான வேறுபாடு ஏதோ இரண்டு வேறு மரங்களைப் பார்ப்பது போலிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் தண்ணீருக்குள் புதிய சவர பிளேட்டால் மெல்லியதாகச் சீவியெடுக்கும் பழக்கத்துக்கு வந்தேன். விடியுமுன் எடுத்த அந்த வாதுகளில் இழப்பு சொற்ப அளவாகவே இருந்தது. இரண்டு வாரம் நான் காப்பாற்றி வைத்திருந்த எண்ணைச் சிவப்பு மையால் வெட்டினேன்.

அத்துடன் தீர்ந்தது என்று நினைத்தேன். 2013இல் வீலரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வை அதன்பிறகுதான் வாசித்தேன். காழ் இழுவிசையில் இருக்கும்போது தண்ணீருக்குள்ளேயே வெட்டினாலும் சில இனங்களில் அடைப்பு உண்டாகிறது என்று அவர்கள் காட்டியிருந்தார்கள். அதுவரை பல தசாப்தங்களாகத் தண்ணீருக்குள் வெட்டுவதே போதிய பாதுகாப்பு என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். மரங்கள் பகலில் குழாய்களை இழந்து மாலையில் மீளச் சீராக்கிக்கொள்கின்றன என்று சொன்ன அளவீடுகள் சிலவும் இதனால் கேள்விக்குள்ளாயின. பகலில் இழுவிசை கூடும்போது வெட்டு உண்டாக்கும் அடைப்பும் கூடும், மாலையில் இழுவிசை தளரும்போது அதுவும் குறையும், அளப்பவருக்கு மரம் தன்னைத் தானே குணப்படுத்திக்கொண்டதுபோலத் தோன்றும். பக்கத்துக் கலன் இழுபட்டு நிற்கும்போதே காற்றடைத்த கலன் எப்படி நீரால் நிரம்பும் என்ற இயற்பியற் சங்கடம் எனக்கு எப்போதும் உறுத்திக்கொண்டிருந்ததால், இந்த ஆய்வை வாசித்தபோது சற்று நிம்மதியாகக்கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடைமுறையில் இதற்கான பரிகாரம் இழுவிசையைத் தளர்த்திய பிறகு வெட்டுவது: காய்ந்த வாதின் நீரழுத்தத்தை அளந்து குறித்துக்கொண்டு, இலைகளைப் பையில் மூடி, அடிமுனையை அரை மணி நேரம் நீரில் நிறுத்தி, பிறகு அடியிலிருந்து சிறிது சிறிதாகத் தண்ணீருக்குள் வெட்டிக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். நெடுநேரம் நிறுத்தினால் அடைபட்ட கலன்கள் நிரம்பத் தொடங்கிவிடும் என்பது எதிர்ப்பக்க ஆபத்து.

எவ்வளவு தூரம் வெட்டிக் குறைக்க வேண்டும் என்பதற்கு, அந்த இனத்தின் மிக நீண்ட கலன் எவ்வளவு நீளம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பரிசோதனைக்கு ஆய்வுகூடமே வேண்டாம் என்பதால் என் வகுப்பு மாணவர்களை வைத்துச் செய்தேன். சைக்கிள் பம்பின் குழாயைத் தண்டின் ஒரு முனையில் இறுக்கிக் கட்டி, மறுமுனையைத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தி, மெதுவாகக் காற்றடிக்க வேண்டும். குழிமென்சவ்வு ஈரமாக இருக்கும்வரை அந்தச் சிறிய அமுக்கத்துக்குக் காற்றை விடாது. ஆகவே வாளியில் குமிழ் வந்தால், இரு முனைகளும் திறந்த கலன் ஒன்றாவது அந்த நீளம் முழுவதும் ஓடுகிறது என்று பொருள். லயத்து வேலியில் படர்ந்திருந்த கொடித்தோடையில் ஒரு மீற்றருக்கும் நீளமான துண்டை எடுத்தோம். முதல் அடியிலேயே வாளியில் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பியதும் வகுப்பே ஆரவாரித்தது. தேயிலையில் எவ்வளவு அடித்தும் ஒன்றும் வரவில்லை. முனையிலிருந்து விரற்கடை விரற்கடையாக வெட்டிக்கொண்டே போய், துண்டு நன்கு குறுகிய பிறகே முதல் குமிழ் வந்தது. முழங்கை நீளத்தில் வெட்டிய என் முதல் மாதிரிகளில், இரு முனையின் வெட்டும் நடுத்துண்டை எட்டியிருக்க இடமுண்டு என்பதை அந்த வாளிதான் காட்டியது.

கலன் நீளம் இந்தத் துறையையே இரண்டாகப் பிரித்த சங்கதி. வாதைக் காயவிட்டு அளப்பது நாட்கணக்கில் எடுக்கும் என்பதால், மையநீக்கியில் தண்டைச் சுழற்றி இழுவிசையை உண்டாக்கும் முறையை 1990களில் அமெரிக்காவில் ஸ்பெரியின் குழுவினர் கையாண்டார்கள். சுழலும்போதே நீரோட்டத்தையும் அளக்கும் வகையைப் பிரான்சில் கொஷார் 2002இல் உருவாக்கினார். 27 சென்ரிமீற்றர் துண்டை நடுவில் அச்சு வைத்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,200 முறை சுழற்றினால் அதன் நடுவில் ஒரு மெகாபஸ்கால் இழுவிசை உண்டாகும். ஒரே நாளில் முழு வளையியும் கிடைத்துவிடும். ஆனால் கலன் துண்டைவிட நீளமாயின், இரு முனையும் திறந்த அந்தக் கலன்கள் சிறிய இழுவிசையிலேயே காலியாகிவிடுகின்றன. ஆரம்பத்தில் தட்டையாகச் சென்று பிறகு செங்குத்தாக ஏற வேண்டிய வளையி, தொடக்கத்திலேயே தடாலென்று ஏறிவிடுகிறது. அப்படிப்பட்ட வளையியை நம்பினால், சில மரங்கள் தினமும் நண்பகலில் பாதிக் குழாய்களை இழந்துகொண்டு வாழ்கின்றன என்று நம்ப வேண்டிவரும். அவற்றில் உண்மையானவையும் உண்டு என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். என் முதல் தேயிலை எண்ணும் அதே சாயலில் இருந்ததால், தடாலென்று ஏறும் வளையியைக் கண்டால் கலன் நீளத்தை எப்படிச் சரிபார்த்தார்கள் என்ற பகுதியை நான் முதலில் தேடி வாசிக்கிறேன்.

வெட்டாமலே அறிய வழியில்லையா என்ற ஏக்கம் பழையது. நீரிழை அறும்போது கலனின் சுவர் அதிர்கிறது; மில்பேர்னும் ஜோன்சனும் 1966இல், வாடிக்கொண்டிருந்த ஆமணக்கு இலையில் அந்த அதிர்வுகளைச் சொடுக்கொலிகளாகக் கேட்டார்கள். பேதிக்கு எண்ணெய் எடுக்கும் அதே ஆமணக்குதான். பிற்பாடு 1983இல் டைரீயும் இன்னொரு டிக்சனும் செவிக்கெட்டாத மீயொலி எல்லைக்கு உணரிகளைக் கொண்டுசென்றார்கள். செடி தாகத்தால் அழுகிறது என்று பத்திரிகைகள் எழுதுவதற்கு இது வசதியாகப் போய்விட்டது. ஆனால் சொடுக்குகள் எல்லாம் நீரைக் கடத்தும் கலன்களிலிருந்து வருபவையல்ல, நார்களிலிருந்தும் வரும் என்பதால் அவற்றை எண்ணி மட்டும் கடத்துதிறனைச் சொல்லிவிட முடியாது. உயிருள்ள செடியை அப்படியே எக்ஸ் கதிர்க் கணினி வரைவிக்குள் நிறுத்திக் கலன்களைப் பார்ப்பதுதான் இன்று மிக நேரடியான சாட்சி. அதற்குப் பெரும்பாலும் பயன்படும் சிங்க்ரோட்ரோன் என்ற துகள் வளைய ஆய்வுகூடம் நம் நாட்டில் இல்லை.

என் கைக்கு எட்டியது, தஸ்மேனியாவில் புரொட்ரிப்பின் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஒளிமுறை. நீர் நிறைந்த இலைநரம்பு ஒளியை ஒருவிதமாகவும் காற்று நிறைந்த நரம்பு வேறுவிதமாகவும் கடத்துகிறது. வாடும் இலையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை படமெடுத்து, ஒரு படத்திலிருந்து அதற்கு முந்தைய படத்தைக் கணினியில் கழித்தால், அந்த இடைவேளையில் எந்த நரம்பில் இழை அறுந்ததோ அது மட்டும் தனியே தெரியும். இலை வாதிலேயே இருக்கிறது, வாது வேண்டுமானால் செடியிலேயே இருக்கலாம். அளக்கும் இடத்துக்கு அருகே கத்தி போவதே இல்லை. அவர்களது படங்களில் பெரிய நரம்புகளே முதலில் அற்றுப்போகின்றன. ஒளிவருடி ஒன்றும் பழைய கணினி ஒன்றும் போதும் என்பது, ஆசிரியர் சம்பளத்தில் ஆய்வு செய்பவனுக்குப் பேருதவி.

இப்போது எண்களைப் பற்றி. பி-50 கிடைத்ததும் அதை வைத்துத் தேயிலை இனங்களை வரிசைப்படுத்தித் தரும்படி கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் வளரும் கலிட்ரிஸ் இன ஊசியிலை மரம் ஒன்று மறை (−) 18.8 மெகாபஸ்காலில்தான் பாதிக் கடத்துதிறனை இழக்கிறது என்று 2015இல் அறிவித்தார்கள். அதற்காக அது மழைக்காட்டு மரத்தைவிடப் பாதுகாப்பாக வாழ்கிறது என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் அது தாங்கவேண்டிய வறட்சியும் அதற்கேற்றது. முக்கியமானது, தான் உடையும் புள்ளிக்கும் வறண்ட காலத்தில் தான் உண்மையில் இறங்கும் நீரழுத்தத்துக்கும் இடையே செடி வைத்திருக்கும் இடைவெளி. சோட்டும் பலரும் இணைந்து 2012இல் வெளியிட்ட ஆய்வு, 81 இடங்களைச் சேர்ந்த 226 காட்டு மர இனங்களைத் தொகுத்துப் பார்த்து, ஈரக் காட்டு மரமாயினும் வறண்ட காட்டு மரமாயினும் ஏறத்தாழ 70 சதவீதமானவை ஒரு மெகாபஸ்காலுக்கும் குறைந்த இடைவெளியிலேயே வாழ்கின்றன என்று காட்டியது.

தேயிலைக்கு வந்தால், அந்த இடைவெளியைப் பெருமளவு தீர்மானிப்பது வேர். பாட்டனார் காலத்து விதைத் தேயிலைக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும். இப்போது பரவலாக உள்ள வீபீ தேயிலை துண்டத்திலிருந்து வளர்த்தது, அதற்கு ஆணிவேர் கிடையாது. மேல்மண் காயும்போது இரண்டின் காழும் ஒரே வலிமையுடையதாக இருந்தாலும், ஆழத்து நீரை எட்ட முடியாத செடியின் இழுவிசையே முதலில் அபாய எல்லையைத் தொடும். சரிவில் மேல்மண் கரைந்துபோன மலைகளில் இது இன்னும் மோசம். எனவே தோட்டத்தில் யாராவது எண்ணைக் கேட்டால், பி-50ஐ மட்டும் தருவதில்லை; அந்த மலையில் மாசி மாத நண்பகலில் அளந்த நீரழுத்தத்தையும் அதன் பக்கத்தில் எழுதித் தருகிறேன். அதற்கு ஒரு பருவம் முழுவதும் மலையேற வேண்டியிருக்கிறது, அதனால்தான் பலரும் அதைச் செய்வதில்லை என்பது என் ஐயம்.

ஹோர்ட்டன் சமவெளியில் பல தசாப்தங்களாக உச்சியிலிருந்து காய்ந்துவரும் மலைக்காட்டு மரங்களிலும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. 2,100 மீற்றருக்கு மேல் மேகத்துக்குள் வாழப் பழகிய மரங்கள் அவை. மண்ணின் குறைபாடு, நீர்ப் பற்றாக்குறை எனப் பல காரணங்களை ஆய்வாளர்கள் முன்வைத்திருக்கிறார்கள். அது தேசியப் பூங்கா என்பதால், மீற்றர்க்கணக்கில் வாதுகளை வெட்டிக் கொண்டுவருவதற்கு அனுமதி கேட்பதே தகாது. ஒளிமுறைக்குச் சிறு கொப்பு ஒன்று போதும் என்பதால் முதலில் தேயிலையில் அதில் கை பழக வேண்டும்.

அப்படிப் பழகுவதற்காகப் போன வாரம் விடியுமுன் நீளமான வாது ஒன்றை வாளிக்குள் வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஓர் இலையை ஒளிவருடியின் கண்ணாடியில் நாடாவால் ஒட்டி, மீதி வாதை மேசையில் காயவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று கணினிக்குக் கட்டளை கொடுத்தேன். முதல் நாள் முழுவதும் எல்லாக் கழித்தற்படங்களும் வெறும் கறுப்பு. இரண்டாம் நாள் இரவு பதினொரு மணிவரை விழித்திருந்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. காலையில் படங்களைப் புரட்டியபோது, இரண்டு மணி நாற்பது நிமிடப் படத்தில் நடுநரம்பு அடியிலிருந்து நுனிவரை ஒரே வீச்சில் வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பக்கநரம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்திருந்தன. அப்போது நான் நல்ல தூக்கத்தில் இருந்தேன், நீரழுத்தத்தை அளக்க வேண்டிய அமுக்க அறை பெட்டிக்குள் இருந்தது. ஆகவே அந்த இலை எந்த நேரத்தில் அற்றது என்று நிமிடக் கணக்கில் சொல்ல என்னால் முடியும். எந்த இழுவிசையில் என்று சொல்ல, அடுத்த வாதுக்கு இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டும்.